சாப்பிட வந்த உளுந்தை விதைக்கலாமா?

கேள்வி: ''எங்கள் பகுதி மானாவாரிக் கரிசல். தூத்துக்குடி துறைமுகம் வழியாக வரும் வெளிநாட்டு உளுந்து, மளிகைக்கடையில் விதை உளுந்தைவிட விலை குறைவாகக் கிடைக்கிறது. அரசாங்கம் சோதித்துத்தானே உள்ளே விடுகிறது? அதையே புரட்டாசிப் பட்டத்தில் விதைக்கலாமா?''

- விளாத்திகுளம் வாசகர்

பதில்: விதைக்க வேண்டாம். சோதனை நடப்பது உண்மைதான். ஆனால், அந்த உளுந்து 'உணவு' என்ற பெயரில் சோதிக்கப்பட்டது, 'விதை' என்ற பெயரில் அல்ல. இந்த வித்தியாசத்துக்கு நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கதை உண்டு.

துறைமுகத்தில் இரண்டு காவல்கள் இருக்கின்றன. ஒன்று பயிருக்கு, இன்னொன்று வயிற்றுக்கு. பயிருக்கான காவல், 1914-ம் ஆண்டு வந்த பூச்சி, நோய்த் தடுப்புச் சட்டம். பயிருக்குத் தீங்கு செய்யக்கூடிய எந்தச் சரக்கையும் இறங்கவிடாமல் தடுக்க, அது அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. இன்றைக்கு நடைமுறையில் இருக்கும் 2003-ம் ஆண்டு தாவரத் தடைகாப்பு ஆணையும் அதே சட்டத்தின் கீழ் வந்ததுதான்.

உணவுக்கான காவல் வந்த வழி வேறு. அமெரிக்கா 1906-லும், இங்கிலாந்து 1907-லும் வெளிநாட்டு உணவைத் துறைமுகத்திலேயே சோதிக்கச் சட்டம் போட்டன. சென்னை மாகாணத்தில் 1918-ல் கலப்படத் தடைச் சட்டம் வந்தது. நாடு முழுவதற்குமான கலப்படத் தடைச் சட்டம் 1954-ல் வந்தபோது, கலப்பட உணவை இறக்குமதி செய்வதும் அதில் தடை செய்யப்பட்டது. இப்போது அந்த இடத்தில் இருப்பது 2006-ம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம்.

ஆக, இன்று மியான்மரிலிருந்து உளுந்து வந்தால், உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அங்கே பார்ப்பது மனிதர் சாப்பிடத் தகுந்ததா என்பதைத்தான். தாவரத் தடைகாப்பு அதிகாரி, ஏற்றுமதி செய்த நாடு கொடுத்த நோயின்மைச் சான்றைப் பார்ப்பார். வண்டு, புழு, களை விதை இருக்கிறதா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் புகைமூட்டம் போடச் சொல்வார்.

இதில் உங்களுக்கு என்ன சிக்கல்? உளுந்தில் இலை நெளிந்து சுருங்கும் நச்சுயிரி நோய் விதை மூலமாகவே பரவும். வண்டு விழுந்த விதை கண்ணுக்குத் தெரியும். நச்சுயிரி உள்ள விதை தெரியாது. சமைத்துச் சாப்பிடுகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. விதைத்தால் உங்கள் காட்டுக்கும் பக்கத்துக் காட்டுக்கும் வந்துவிடும். புகைமூட்டம் பட்ட விதையில் முளைப்புத்திறன் குறையவும் வாய்ப்பு உண்டு. அதனால்தான் விதைக்கென்று இறக்குமதி செய்ய, தனி அனுமதியும் தனி நிபந்தனைகளும் வைத்திருக்கிறார்கள்.

கடல் தாண்டி வந்த நோய்கள் நமக்குப் புதிதில்லை. 1869-ல் இலங்கைக் காபித் தோட்டங்களில் பரவிய இலைத்துரு நோய், சீக்கிரமே இந்தியாவுக்கும் வந்தது. இலங்கை காபியைக் கைவிட்டுத் தேயிலைக்கு மாறியது. வாழையில் வரும் முடிக்கொத்து நோயும் 1940 வாக்கில் இலங்கையிலிருந்து கேரளத்துக்கு வந்ததுதான். அப்போது 1914-ம் ஆண்டுச் சட்டம் இருந்தது. ஆனாலும் நோயுள்ள கன்று வந்து சேர்ந்துவிட்டது. அந்த நோயால் கீழ்ப்பழநி மலையின் விருப்பாச்சி வாழை பெருமளவு அழிந்துபோனது.

எனவே, வம்பன் 8, வம்பன் 11 போன்ற ரகங்களில் சான்று பெற்ற விதையை, உங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்டு வாங்குங்கள். சொந்த விதை என்றால், போன பட்டத்தில் நோயில்லாத செடிகளிலிருந்து எடுத்ததாக இருக்கட்டும். எதுவானாலும் விதைப்பதற்கு முன், 100 விதைகளை ஈரச்சாக்கில் வைத்து முளைக்கவிட்டு எண்ணிப் பாருங்கள். 75-க்குக் குறைந்தால் அந்த விதை வேண்டாம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொழும்பிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ வரும் உறவினர்களிடம், 'நல்ல ரகமாக ரெண்டு கன்று, ஒரு கைப்பிடி விதை கொண்டு வாங்க' என்று சொல்லிவிடாதீர்கள். அனுமதியும் நோயின்மைச் சான்றும் இல்லாமல் அதைக் கொண்டு வருவது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் பறிமுதல் செய்வார்கள். பிடிபடாமல் வந்துவிட்டால், நஷ்டம் ஊருக்கே வரலாம்.