காற்றுக்கு வேலி! கடலுக்குக் குத்தகை!

காற்றுக்கு வேலி போட முடியுமா என்று கேட்பது நாட்டு வழக்கு. முடியும் என்கிறது சட்டம்! 2023 டிசம்பரில் டில்லி வெளியிட்ட கடல் காற்றாலைக் குத்தகை விதிகளைப் படித்துப் பாருங்கள், தோழர்களே! கடற்படுகை அளக்கப்படும், எல்லை வகுக்கப்படும், ஆய்வுக்கு 3 ஆண்டு, ஆலை நடத்த 35 ஆண்டு என்று நிறுவனங்களுக்குக் குத்தகை விடப்படும்!

காற்றாலை வேண்டாம் என்று கூறுவோர் அல்லர் நாம். 1986-இலேயே தூத்துக்குடிக்கு அருகே முள்ளக்காட்டில் காற்றைப் பிடித்து மின்சாரமாக்கிய நாடு இது. இன்று நம் நிலத்துக் காற்றாலைகளின் திறன் 11,000 மெகாவாட்டுக்கும் மேல்! மின்சாரத்தின் அருமையைக் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையைக் கேளுங்கள். அங்கே இரும்பு உருகும் உலை அணைந்தால், தொழிலாளியின் வீட்டிலே உலை ஏறாது!

மின்சாரம் வேண்டும். மறுப்பார் இல்லை. ஆனால், கடல் யாருடையது?

அரசியல் சட்டத்தின் 297-ஆவது பிரிவு, கடலடி நிலமும் அதிலுள்ள செல்வமும் ஒன்றியத்துக்கே என்கிறது. அதே சட்டத்தின் ஏழாவது அட்டவணையோ, 12 கடல் மைலுக்குட்பட்ட மீன்வளத்தை மாநிலப் பட்டியலில் வைக்கிறது. மீன் நமக்கு; அது நீந்தும் நீருக்கடியில் உள்ள மண் டில்லிக்கு! என்னே இந்தப் பாகப்பிரிவினை!

குத்தகை தருவது டில்லி. கட்டணம் பெறுவது டில்லி. கம்பி கரையேற மண் தருவது தமிழ்நாடு. ஆலை நிற்கும் நீரிலே வலை வீசி வாழ்பவன் தமிழ்நாட்டு மீனவன். ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவோர் இருவர்: ஒன்றிய அரசு ஒன்று, நிறுவனம் மற்றொன்று. மாநிலத்தின் கையெழுத்து எங்கே? மீனவனின் ஒப்புதல் எங்கே?

4,000 மெகாவாட்டுக்கு 2024 பிப்ரவரியில் டில்லி கோரிய ஒப்பந்தப்புள்ளி மன்னார் வளைகுடாவுக்குத்தானே, திருவள்ளூர் மாவட்டத்துக்கு என்ன வந்தது என்று கேட்கலாம். விதி ஒன்றுதான், தோழர்களே, கரை முழுவதற்கும்! மேலும், உரிமையை முன்கூட்டி எழுதிக்கொள்ளாதவன் என்ன ஆவான் என்பதற்குச் சான்று இந்த மாவட்டத்திலேயே இருக்கிறது. அத்திப்பட்டிலே அனல்மின் நிலையம் எழுந்தது. ஒளி பரவியது ஊரெங்கும். சாம்பல் படிந்தது எண்ணூர்க் கழிமுகத்தில்! அன்று சட்டத்தில் எழுதப்படாத உரிமையை, இன்று வரை மனுவில் எழுதிக்கொண்டிருக்கிறான் மீனவன்.

காற்றாலையில் சாம்பல் இல்லை, உண்மை. ஆனால் கடலில் நிற்கும் ஒவ்வொரு கோபுரத்தையும் சுற்றி 500 மீட்டர் வரை பாதுகாப்பு வளையம் அமைக்க உலகக் கடற்சட்டம் இடமளிக்கிறது. வளையத்துக்குள் வலை விழுமா? விழாதெனில், அவன் வயிற்றுக்கு விடை என்ன?

வழியில்லாமல் இல்லை. 1620-இல் தரங்கம்பாடிக்கு வணிகம் செய்ய வந்தார்களே டென்மார்க்கினர், அவர்கள் நாட்டிலேதான் 1991-இல் உலகின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை எழுந்தது. 2000-இல் கோபன்ஹேகன் கரைக்கு எதிரே எழுந்த 20 காற்றாலைகளில் பாதி, பொதுமக்கள் சேர்ந்த கூட்டுறவின் சொத்தாயிற்று! அங்கே குடிமகன் பங்காளி. இங்கே அவன் பார்வையாளனா?

அந்த 4,000 மெகாவாட் ஒப்பந்தப்புள்ளியும் 2025 ஆகஸ்டில் திரும்பப் பெறப்பட்டுவிட்டது. இது தோல்வியன்று, நமக்குக் கிடைத்த அவகாசம்! அடுத்த அழைப்பு வருமுன், கடலில் கம்பம் நடுமுன், விதியிலே மூன்று வரிகளை நடச்செய்வோம். மாநிலத்தின் ஒப்புதலின்றிக் குத்தகை இல்லை. குத்தகைப் பணத்தில் கரைக்குப் பங்கு உண்டு. மீன்பிடி உரிமையும் இழப்பீடும் ஆய்வு தொடங்குமுன்னரே எழுத்தில் வேண்டும்.

பழவேற்காட்டுக் குப்பங்களிலும், கும்மிடிப்பூண்டி ஆலை வாயில்களிலும் இதை எடுத்துரையுங்கள். வலை பிடிக்கும் கையும் இரும்பு உருக்கும் கையும் இணைந்து கேட்டால், டில்லி செவிசாய்த்தே தீரும்!