எவருடைய முகவர்கள்?

முகவர் என்னும் சொல் நமக்குப் புதிதன்று. காப்பீட்டு முகவர் வீடு தேடி வருகிறார். அவருக்குப் பின்னே ஒரு நிறுவனம் நிற்கிறது. அவர் தந்த வாக்குப் பொய்த்தால் எவரிடம் சென்று வழக்குரைப்பது என்பதை நாம் அறிவோம். பிறர்பொருட்டுச் செயற்படுபவரே முகவர். கண்காணிப்புக் கேமராக்களையும் முகவர்கள் என்றே இன்று ஆய்வாளர் அழைக்கின்றனர். அவை எவருடைய முகவர்கள் என்று வினவுவோரைத்தான் காணோம்.

1997 முதல் 1999 வரை, அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆய்வு முகமையான தார்ப்பாவின் பொருளுதவியுடன் கார்னெகி மெலன் பல்கலைக்கழகமும் சார்னாஃப் நிறுவனமும் ஓர் ஆய்வு நடத்தின. பக்கவாட்டிலும் மேலும் கீழும் திரும்பவல்ல கேமராக்கள் பல, மனிதரையும் வண்டிகளையும் பிரித்தறிந்து, ஒன்று விட்ட இடத்தில் மற்றொன்று தொடர்ந்தன. பரந்த நிலப்பரப்பை ஒரே ஒருவர் கண்காணிக்க வேண்டும் என்பது நோக்கம். அத்திட்டத்தில் ஒரு மனிதருக்கேனும் இருக்கை இருந்தது.

பின்னர் வந்தது ஏலம். ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபுர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்டெர்லேயும் ரின்னரும் பிற ஆய்வாளருடன் சேர்ந்து 2014இல் வெளியிட்ட முறையைக் கேளுங்கள். தெருவில் ஒருவர் நடக்கிறார். அவரைப் பார்த்திருக்கும் கேமரா, தன் பார்வை எல்லையை அவர் நெருங்கியதும், அவரைத் தொடரும் பொறுப்பை விற்பனைக்கு விடுகிறது. யாருக்கு அவர் தெளிவாகத் தெரிகிறாரோ அக்கேமரா மிகுதியாக விலை கூறி வாங்கிக்கொள்கிறது. செலுத்துவதோ இரண்டாவது உயர்ந்த விலையை. பொய் விலை கூறுவதால் எவர்க்கும் ஆதாயமில்லாத இந்த ஏல முறையை 1961இல் விளக்கியவர் பொருளியலறிஞர் விக்ரி. (கருவிகளை நேர்மையாக்க வழி கண்டுவிட்டோம்!) எறும்புச் சாரையின் மணத்தடம்போல, அடிக்கடி வாங்கும் அண்டைக் கேமராவின் தொடர்பு வலுக்கிறது, ஏனையது தேய்ந்து மறைகிறது. மையத்திலிருந்து கட்டளையிடும் கணினி எதுவுமில்லை.

இம்முறைக்குத் தக்க காரணம் உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மையம் பழுதானால் அனைத்தும் குருடாகும்; மையமில்லையேல் ஒன்று கெட்டாலும் மற்றவை ஈடுசெய்யும். திருவிழாக் கூட்டத்தில் தொலைந்த குழந்தையைத் தேடித்தர இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. ஆனால் கட்டளையிடும் மையத்தை நீக்கியவர்கள், பதில் சொல்லும் மையத்தையும் சேர்த்து நீக்குகிறார்களே! நேற்று மாலை என்னைப் பின்தொடர்ந்தது யார் என்று ஒருவர் கேட்டால், ‘எவரும் பணிக்கவில்லை, கேமராக்கள் தமக்குள் பேசிக்கொண்டன’ என்பதா விடை?

‘மடியில் கனமில்லையேல் வழியில் பயமேன்?’ என்று வாயடைப்போர் உளர். அப்பழமொழியை அவர்கள் ஊன்றிப் பார்க்க வேண்டும். மடியில் கனமுள்ளவன் குற்றவாளி அல்லன். பணமுடிப்போடு நடக்கும் வழிப்போக்கன். அவன் அஞ்சுவது கள்வனுக்கு. பறிபோகத்தக்கது ஒன்று நம்மிடம் உள்ளதாலேயே நாமும் அஞ்சுகிறோம். ‘கடவுளும்தான் எல்லாவற்றையும் பார்க்கிறார்’ என்று நம்மவரே சிலர் கூறுவது இன்னும் வியப்பு. பாலைநிலத்தில் ஆகாரைக் கண்டவர் அவளைப் பெயர்சொல்லி அழைத்தார். எங்கிருந்து வருகிறாய், எங்கே போகிறாய் என அவளிடமே கேட்டார். இக்கருவிகள் நம்மிடம் கேட்பதில்லை.

ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய செயற்கை நுண்ணறிவுச் சட்டம், பொது இடங்களில் காவல்துறை முகம் முதலியவற்றால் ஆளை உடனுக்குடன் அடையாளம் காண்பதை, சில விலக்குகளுடன், தடுக்கிறது. நன்று. எனினும் பெயர் கேளாமல் உருவை மட்டும் கைமாற்றிக்கொள்ளும் கேமராவை அத்தடை தீண்டுவதில்லை. ஓர் உருவம் புறப்பட்ட வாயிலும் திரும்பி நுழைந்த வாயிலும் தெரிந்தால் போதாதா? முகம் எதற்கு? இடையில் அது மருத்துவமனைக்குச் சென்றதா, தொழிற்சங்கக் கூட்டத்திற்குச் சென்றதா என்பதும் உடன் பதிவாகிவிடுகிறதே.

ஆகவே இவற்றை நிறுவுவோரிடம் நாம் கேட்பது இது. ஒவ்வொரு கேமராத் தொகுதிக்கும் பொறுப்பான அலுவலர் ஒருவரின் பெயர் கம்பத்திலேயே எழுதப்பட வேண்டும். எத்தனை நாள் படங்கள் வைக்கப்படும் என்பதும் அதன் கீழே. எந்தக் கேமரா எதற்கு யாரை விற்றது என்னும் ஏலக் கணக்கு அழியாமல் பேணப்பட வேண்டும். விற்கப்பட்டவர் வந்து கேட்டால் அதைக் காட்டவும் வேண்டும்.