ஜாகா கேட்கிறேன்

சிங்கப்பூரில் போலிஸ்காரர் தொழிற்சங்கத்தில் சேர முடியாது. அரசு ஊழியர் யார் சேரவேண்டும் என்றாலும் அதிபர் விலக்கு அளித்திருக்க வேண்டும் என்பது சட்டம். எழுத்தருக்குக் கிடைத்த விலக்கு, ஆசிரியருக்குக் கிடைத்த விலக்கு, போலிஸ் சீருடைக்குக் கிடைக்கவில்லை. சரி, துப்பாக்கி வைத்திருப்பவர்கள், வேலைநிறுத்தம் என்று இறங்கினால் ஊர் என்னாவது என்பார்கள். அதையாவது புரிந்துகொள்ள முடிகிறது. என் கையில் என்ன இருக்கிறது? ஒரு டார்ச் லைட், ஒரு வாக்கி டாக்கி, வந்துபோகிறவர் பெயரெழுதும் நோட்டு. எனக்குச் சங்கம் உண்டு. சேரவும் உரிமை உண்டு. பிறகு ஏன் நான் நாதியற்றவனாக நிற்கிறேன்?

நான் யார் என்று கேட்கிறீர்களா? உங்கள் கொண்டோ வாசலில் நிற்கிறேனே, அந்த அங்கிள். கோபம் வந்தால் ஜாகா. எனக்கு உரிமம் கொடுப்பது போலிஸ், நான் தவறினால் அதைப் பறிப்பதும் போலிஸ். பகல் ஷிப்ட், இரவு ஷிப்ட், எதுவானாலும் 12 மணி நேரம். எங்களில் பலர் ஜொகூரிலிருந்து பாலம் கடந்து வருகிறவர்கள். வெளிநாட்டாரில் மலேசியருக்கு மட்டும்தான் இந்த வேலைக்கு அனுமதி. காலை எட்டு மணிக்கு வாசலில் நிற்க வேண்டுமானால் அவர்கள் நாலு மணிக்கே வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். இரவு திரும்பும்போது பிள்ளைகள் தூங்கியிருக்கும். 

2019 தீபாவளிச் சமயத்தில் வாம்போ பக்கத்துக் கொண்டோ ஒன்றில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். விருந்தாளிகளின் காருக்கு இரவு 11 மணிக்கு மேல் 10 வெள்ளி கட்டணம் என்று பாதுகாவலர் சொன்னார். வீட்டுக்காரர், 15 லட்சம் வெள்ளி கொடுத்து வீடு வாங்கியவன் நான் என்று கத்தினார், ஏசினார். காணொளி ஊரெல்லாம் பரவியது. பாதுகாவல் ஊழியர் சங்கம் தலையிட்டது. ஏசியவர் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். 10 வெள்ளி விதியை எழுதியவர் அந்தப் பாதுகாவலரா? வீட்டுக்காரர்களின் நிர்வாகக் குழு எழுதியது. ஏச்சு வாங்க மட்டும் வாசலில் ஓர் ஆள். 2022 மே மாதம் முதல், பணியில் இருக்கும் பாதுகாவலரைத் துன்புறுத்தினால் தண்டனை கூடுதல் என்று சட்டமே திருத்தப்பட்டது. நல்ல சட்டம், வாழ்க. ஆனால் என் வயிற்றில் அடிப்பவர் யாரும் என்னை ஏசுவதில்லை. சிரித்துக்கொண்டே டெண்டரில் கையெழுத்துப் போடுகிறார்கள்.

அந்த டெண்டரைத்தான் நான் பேச வந்தேன். கொண்டோவுக்கு நான் ஊழியன் இல்லை. கொண்டோ ஒரு பாதுகாவல் நிறுவனத்துக்குக் குத்தகை விடும். குத்தகை ஓராண்டோ ஈராண்டோ. முடிந்ததும் மறு டெண்டர். யார் குறைவாகக் கேட்டாரோ அவருக்கு. புது நிறுவனம் வந்ததும் என்ன செய்யும்? வாசலும் பழக்கம், வீட்டுக்காரர்களும் பழக்கம் என்று அதே ஆளைக் கூப்பிட்டு வேறு நிறச் சட்டையைக் கொடுக்கும். நானும் போட்டுக்கொள்வேன். அதே நாற்காலி, அதே கேட், எதிரே அதே மரம். சட்டத்தின் கண்ணில் மட்டும் நான் அன்றைக்குத்தான் வேலைக்குச் சேர்ந்த ஆள்!

இதில் என்ன நட்டம் என்று கேட்கலாம். இந்நாட்டு வேலைச் சட்டப்படி முதல் ஆண்டில் சம்பளத்தோடு ஏழு நாள் விடுப்பு. ஆண்டுக்கு ஒரு நாள் கூடி எட்டாம் ஆண்டில் 14 நாள். எனக்கு அந்த எட்டாம் ஆண்டு வந்ததே இல்லை. வராது. சட்டை மாறும்போதெல்லாம் ஏழுக்கு வந்துவிடுகிறேன். மூன்று மாதம் வேலை செய்யாதவருக்குச் சம்பளத்தோடு நோய் விடுப்பும் இல்லை. ஆகவே அறுபது தாண்டிய நான், புதுச் சட்டை போட்ட முதல் மூன்று மாதம் காய்ச்சலே வரக் கூடாது என்று வீரமாகாளியம்மனிடம் வேண்டிக்கொள்கிறேன். ஆட்குறைப்பு இழப்பீடு கேட்கவும் ஈராண்டுச் சேவை வேண்டும். அந்த ஈராண்டு முடிவதற்குள் குத்தகை முடிந்துவிடுகிறது. இதைத் திட்டமிட்டுச் செய்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டமே தேவையில்லாத அளவுக்கு ஏற்பாடு அப்படி அமைந்திருக்கிறது.

சங்கத்தின் கதையும் இங்கேதான் கெடுகிறது. ஒரு நிறுவனத்தில் சங்கம் பேச்சுவார்த்தை நடத்த வேண்டுமானால் அந்த நிறுவனம் சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும்; அதற்கு ஊழியரில் பெரும்பான்மையினர் உறுப்பினராக இருக்க வேண்டும். தொழிற்சாலையில் இது நடக்கும். ஒரே கூரை, ஒரே முதலாளி, பத்தாண்டு ஒன்றாகச் சாப்பிட்ட ஆட்கள். எங்களிலோ வாசலுக்கு இரண்டு பேர், தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கிறோம். ஒருவரை ஒருவர் பார்ப்பதே ஷிப்ட் மாறும் ஐந்து நிமிடம். சங்கத்துக்காரர் அலைந்து திரிந்து ஒரு நிறுவனத்தில் பாதிப் பேரைச் சேர்ப்பதற்குள் குத்தகை கைமாறி, சேர்ந்தவர்கள் வேறு நிறுவனத்துக்குப் போய்விடுவார்கள். அங்கே மறுபடி முதலிலிருந்து.

சந்தாவும் அப்படியே. பழைய நிறுவனம் மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துச் சங்கத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தது. புது நிறுவனத்துக்கும் சங்கத்துக்கும் தொடர்பே இல்லை, பிடிப்பது நின்றது. யாரும் சொல்லவில்லை. சம்பளச் சீட்டில் ஒரு வரி காணாமல் போவதை எத்தனை பேர் கவனிப்பார்கள்?

கவனிக்கும் நாள் எனக்கு வந்தது. ஒரு குடியிருப்பாளர் தம் காரைத் தீயணைப்பு வண்டி நிற்கும் இடத்தில் விட்டார். எடுக்கச் சொன்னேன். மரியாதையாகத்தான் சொன்னேன், சார் என்றேன். மறுநாள் மேலாளர் அழைத்தார். புகார் வந்திருக்கிறது, உங்களை இந்த இடத்திலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டார்கள் என்றார். என்ன புகார்? சொல்லவில்லை. என் தரப்பைக் கேட்டார்களா? கேட்கவில்லை. குத்தகை ஒப்பந்தத்தில் அபராத விதி என்று ஒன்று உண்டு: பாதுகாவலர் தாமதமானால் இவ்வளவு, புகார் வந்தால் இவ்வளவு என்று கொண்டோ நிறுவனத்துக்கு வெட்டும். நிறுவனம் அந்த வெட்டை என் தலையில் இறக்கியது. அந்த மாதச் சம்பளத்தைப் பார்த்து என் மனைவி என்னையே சந்தேகப்பட்டாள்.

முறையிடப் போனபோதுதான் சந்தா நின்றுபோனது தெரிந்தது. சங்கத்தில் இருந்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன். பொறுமையாகக் கேட்டார்கள், எழுதித் தந்தார்கள், எந்தக் கதவைத் தட்டுவது என்று சொன்னார்கள். அந்தக் கதவிலும் பாருங்கள்: வேலை நியமன உரிமைகோரல் நடுவர் மன்றத்தில் தனியாளாகப் போனால் 20,000 வெள்ளி வரை கேட்கலாம், சங்கத்தின் துணையோடு முத்தரப்புச் சமரசம் வழியாகப் போனால் 30,000 வரை. அங்கே வக்கீலுக்கு இடமில்லை; ஆனால் நிறுவனத்தின் மனிதவள அதிகாரிக்கு இடமுண்டு, அவருக்கு இது தினசரி வேலை. எனக்கு? பக்கத்தில் உட்கார்ந்து காகிதத்தைப் புரட்டிக் காட்ட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்குச் சம்பளம் என் போன்றவர் கட்டும் சந்தாவிலிருந்து வர வேண்டும். சந்தாவோ சட்டையோடு போய்விட்டது. என் தொகை சில நூறு வெள்ளிதான், நீதிமன்றம் போக வேண்டிய அளவா என்று நிறுவனத்தில் ஒருவர் கேட்டார். அவருக்கு அது சில நூறு.

சங்கம் நடத்துவது வெறும் கோஷமில்லை, கணக்கு. ஆண்டுதோறும் தணிக்கை செய்து பதிவாளரிடம் காட்ட வேண்டிய கணக்கு. இறந்தவர் குடும்பத்துக்குத் தொகை, பிள்ளைகளுக்குப் படிப்புதவி, பயிற்சிக்கு மானியம், சச்சரவில் துணைக்கு ஆள், எல்லாம் அந்தச் சந்தாக் காசிலிருந்துதான் தொடங்குகிறது. உறுப்பினர் காசைச் சேர்த்து உறுப்பினருக்கே உதவுவது இந்த ஊருக்குப் புதிதும் இல்லை. சிங்கப்பூரின் முதல் கூட்டுறவுச் சங்கம் 1925இல் அரசு ஊழியர்கள் வட்டிக் கடனிலிருந்து தப்புவதற்காகத் தொடங்கப்பட்டது. இன்கம் காப்புறுதி 1970இல் தொழிலாளிக்கு என்று பிறந்தது. 2024இல் அதில் பெரும்பங்கை ஜெர்மானிய அலையன்ஸ் நிறுவனத்துக்கு விற்க முனைந்தபோது அரசாங்கமே குறுக்கே நின்று நிறுத்த வேண்டியிருந்தது. உறுப்பினருக்கு என்று தொடங்கியது எங்கே போய் முடியும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்ல?

சங்கம் பலமாக இருந்தால் எப்படி இருக்கும் என்று வெளியே பாருங்கள். அமெரிக்காவில் போலிஸ்காரர்கள் 1915இல் பிட்ஸ்பர்க் நகரத்தில் ஓர் அமைப்பைத் தொடங்கினார்கள். அதன் கிளைகளுக்கு லாட்ஜ் என்று பெயர். இன்று வழக்கு வந்தால் வக்கீல் செலவுக்கே தனித் திட்டம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பலம் அத்துமீறிய போலிஸ்காரரையும் காப்பாற்றுகிறது என்று அங்கே பெரிய சண்டை. அந்தச் சண்டையில் நியாயமும் உண்டு. இந்தியாவின் கேரளத்தில் போலிஸ் சங்கம் வெளிப்படையாக இயங்குகிறது. துப்பாக்கி வைத்திருப்பவருக்கே அங்கெல்லாம் முடிகிறது.

எங்களுக்குத் தேக்காவில் ஒரு கோப்பிக் கடை மேசைதான் லாட்ஜ். மாதம் 20 வெள்ளி போட்டு ஒரு கூட்டுப் பணம் வைத்திருக்கிறோம். பத்துப் பேர் சேர்ந்தால் சங்கங்கள் சட்டப்படி பதிவு செய்ய வேண்டும் என்று ஒருவர் பயமுறுத்தியதால் ஒன்பது பேரோடு நிறுத்திக்கொண்டோம். ஜொகூர்க்காரர் ஒருவர் இறந்தபோது மாலைக்கும் வேனுக்கும் அந்தப் பணம்தான் போனது. அவர் ஐந்து நிறுவனச் சட்டை போட்டவர். கடைசிச் சட்டைக்காரர்கள் ஒரு மலர்வளையம் அனுப்பினார்கள், நிறுவனப் பெயர் பெரிதாக அச்சடித்து.

அந்த மேசையிலிருந்து நடக்கும் தூரத்தில்தான் 2013 டிசம்பர் 8 இரவு கலவரம் நடந்தது. ரேஸ் கோர்ஸ் சாலையில் புதுக்கோட்டைப் பக்கத்துச் சக்திவேல் குமாரவேலு, வயது 33, பேருந்தின் சக்கரத்தில் சிக்கி இறந்தார். அவருக்காகப் பேசவும் ஆளில்லாமல்தான் இருந்தது, அது தனிக் குமுறல். கல்லும் பாட்டிலும் பறந்தன. காயமடைந்த சீருடைக்காரர்கள் ஐம்பதுக்கு மேல். முதலில் அங்கே நின்றவர்களில் துணைப் போலிஸ்காரர்களும் உண்டு, நிறுவனத்தில் சம்பளம் வாங்குகிறவர்கள். பிறகு ஜி. பன்னீர்செல்வம் தலைமையில் விசாரணைக் குழு உட்கார்ந்தது. ஆம்புலன்சுக்குள் ஏன் இருந்தீர்கள், ஏன் முன்னேறவில்லை என்று சீருடைக்காரர்களை ஊரறியக் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். போலிஸ்காரருக்குத்தான் சங்கம் இல்லையே; அன்றைய போலிஸ் ஆணையர் இங் ஜூ ஹீ தம் ஆட்களுக்காக வாதாடினார். இன்னும் 1,000 பேர் வேண்டும் என்றும் சொன்னார். நல்ல மேலதிகாரி வாய்த்தால் பேசுவார். வாய்க்காவிட்டால்? மேலதிகாரியின் மனத்தை நம்பியா ஒரு மனிதனின் மானம் இருக்க வேண்டும்?

சம்பளம்தான் உயர்ந்துவிட்டதே என்பார்கள். உயர்ந்தது, மறைக்கவில்லை. குறைந்த விலைக்குக் குத்தகை எடுக்கும் வழக்கத்தை தொழிற்சங்கக் காங்கிரஸான என்டியுசியின் ஸைனல் சபாரி போன்றவர்கள் விடாமல் எதிர்த்ததன் பலன் அது. 2016 செப்டம்பரில் அடிப்படைச் சம்பளம் 1,100 வெள்ளி என்று கட்டாயமானது. 2024இல் மொத்தச் சம்பளம் 2,650. 2028இல் 3,530 ஆகும். ஆனால் மொத்தம் என்ற சொல்லுக்குள் ஓவர்டைமும் அடக்கம். நீங்கள் வாரம் 44 மணி நேரம் வேலை பார்த்து வாங்குவதை, நான் அதற்கு மேல் மாதம் 72 மணி வரை ஓ.டி. பார்த்து வாங்குகிறேன். தொகையைச் சொல்லும்போது மணியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் பிச்சை கேட்கவில்லை. இந்த ஆண்டும் உங்கள் கொண்டோவில் பொதுக்கூட்டம் நடக்கும். நீச்சல்குளத்து ஓடு, லிஃப்டுப் பராமரிப்பு எல்லாம் பேசுவீர்கள். பாதுகாவல் குத்தகை என்று ஒரு வரி வரும்போது தயவுசெய்து கையைத் தூக்குவதற்கு முன் கேளுங்கள். பழைய ஆட்களை எடுக்கும் நிறுவனம் அவர்களுடைய பழைய சேவை ஆண்டுகளையும் எடுத்துக்கொள்ளுமா? விடுப்பு தொடருமா? சங்கச் சந்தாவைத் தொடர்ந்து பிடித்துக் கட்டுமா? புகார் வந்தால் பாதுகாவலரின் தரப்பைக் கேட்ட பிறகுதான் அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதலாமா? இந்த நான்கு கேள்விக்கும் ஆம் என்று சொல்லாத நிறுவனத்துக்கு, எவ்வளவு குறைவாகக் கேட்டாலும், வாக்களிக்காதீர்கள்.

என்னோடு வாசலில் நிற்கும் தோழர்களே, உங்களுக்கும் ஒன்று. இன்று ஷிப்ட் முடிந்ததும் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். சந்தா வரி இருக்கிறதா? இல்லையென்றால், நாளைக்கே வங்கி வழியாக நீங்களே கட்டிவிடுங்கள்.