மச்சத்தை அழிக்க விடாதீர்கள்



2004 டிசம்பர் 26இல் கடல் ஊருக்குள் வந்தபோதும், 2006இல் சம்பூர், மூதூர்ப் பகுதிகளில் இருந்து இடம்பெயர்ந்தபோதும் எங்கள் மாவட்டத்துப் பெண்கள் பலரால் அல்பங்களை எடுத்துக்கொண்டு ஓட முடியவில்லை. நான் போகும் வீடுகளில் முழுக் குடும்பத்துக்கும் மிஞ்சியிருப்பது ஒன்றிரண்டு படங்கள்தான். அவற்றிலும் பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கிவிட்டது. பிள்ளைகளின் கைத்தொலைபேசியைக் கொண்டே அவற்றைக் காப்பாற்றலாம்.

முதல் வேலை படமெடுப்பது. பகலில், நிழலான விறாந்தையில் படத்தை மேசையில் வைத்து நேர் மேலிருந்து எடுங்கள். பிளாஷ் வேண்டாம், அதன் பளபளப்பு முகத்தை மறைத்துவிடும். பின்பக்கத்தையும் எடுங்கள். ஸ்டூடியோ முத்திரையும் திகதியும் அங்கே இருக்கக்கூடும். அல்பத்தோடு ஒட்டிப்போன படத்தை உரிக்காமல் அப்படியே எடுங்கள்.

இரண்டாவது ஒழுங்குபடுத்துவது. ‘மூலம்’, ‘திருத்தியது’ என்று இரண்டு போல்டர்களை உருவாக்குங்கள். மூலத்தில் உள்ள படத்தில் எந்த மாற்றமும் செய்யக்கூடாது. ‘2003-04 சம்பூர் அக்கா கலியாணம்’ என்பதுபோல ஆண்டை முன்னுக்கு வைத்துப் பெயரிட்டால் படங்களைக் காலவரிசையில் அடுக்குவது சுலபம். படத்தில் உள்ளவர்களின் பெயர்களை அம்மம்மாவிடம் கேட்டு, இடமிருந்து வலமாக ஒரு கொப்பியில் எழுதுங்கள். பிறகு சொல்ல ஆளிருக்காது.

மூன்றாவது திருத்துவது. இதைப் பிரதியில் மட்டும் செய்யுங்கள். சரிவை நேராக்கலாம், ஓரத்தை வெட்டலாம், வெளிச்சத்தைக் கூட்டலாம். அதோடு நிறுத்துங்கள். ஒரு தாய் காணாமற்போன மகனின் படத்தைப் பெரிதாக்கக் கொடுத்தார். அழகாக்கித் திருப்பிக் கொடுத்தார்கள். கன்னத்து மச்சமும் நெற்றித் தழும்பும் அதில் இல்லை. “இது என்ர பிள்ளை இல்லை” என்று அழுதார்.

2016ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கோ வேறு எங்கோ விபரம் கொடுக்கும்போது, மச்சமும் தழும்பும் ஆளை அடையாளம் காண உதவும். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் மங்கிய முகத்தைத் தெளிவாக்கும்போது, தெரியாத கண்ணையும் வாயையும் ஊகித்தே வரைகின்றன. அந்தப் படத்தைச் சுவரில் மாட்டலாம். சாட்சியாகக் கொடுப்பதற்கு மூலப்படமே வேண்டும்.

கடைசி வேலை பாதுகாப்பது. படங்களை மூன்று இடங்களில் வைத்திருங்கள்: கைத்தொலைபேசியில் ஒன்று, பென் ட்ரைவில் ஒன்று, வேறு ஊரில் உள்ள உறவினரிடம் ஒன்று. வாட்ஸ்அப்பில் சாதாரண படமாக அனுப்பினால் தரம் குறையும். ‘டொக்கியுமென்ட்’ ஆக அனுப்புங்கள். கையில் இருக்கும் ஒரே படத்தை யார் கேட்டாலும் கொடுத்துவிட்டு வராதீர்கள். அதன் பிரதியைக் கொடுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கத் தேவையில்லை. இந்த மாதம் மிகப் பழைய படம் ஒன்றில் தொடங்குங்கள். மகளையும் பக்கத்தில் இருத்தி, அதில் இருப்பவர்கள் யார் யார் என்று சொல்லிக்கொடுங்கள்.