மூக்கும் முழியும்

போன வாரம் ஆர்.எஸ். புரத்திலிருந்து சிநேகிதி ஒருத்தி மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது. "ஏனுங்க்கா, இவளுக்கு மூக்குத் தண்டு கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்க. மாப்பிள்ளை பாக்கறதுக்கு முந்தியே ஆபரேஷன் பண்ணிச் சீராக்கிப் போடலாமுங்களா?" என்றாள். பெண் வாயே திறக்கவில்லை. திறக்கவில்லை என்றா சொன்னேன்? வந்தது முதல் வாயைத் திறந்தபடிதான் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாள்!

விசாரித்தால், பல வருஷமாக இடது நாசி அடைப்பு. இரவில் தொண்டை வறண்டு எழுந்து உட்காருகிறாளாம். தாயாரின் கவலை வெளி மூக்கு. மகளைப் படுத்துவது உள் மூக்கு.

மூக்கு ஆபரேஷன் மேல்நாட்டு மோகம் என்று நினைக்கிறோம். சுசுருதர் கன்னத்துத் தோலைக்கொண்டு அறுபட்ட மூக்கைச் சீராக்கும் முறையை அந்தக் காலத்திலேயே சொல்லி வைத்திருக்கிறார். திப்புவுக்கும் ஆங்கிலேயருக்கும் நடந்த சண்டையில் காவஸ்ஜி என்ற வண்டிக்காரர் சிறைப்பட்டு மூக்கை இழந்தார். 1791-ல் நம் கோயமுத்தூர்க் கோட்டை முற்றுகைக்கு உள்ளானதும் அதே சண்டையில்தான். புனாப் பக்கத்து நாட்டு வைத்தியர் ஒருவர் மெழுகில் மூக்கு அளவு எடுத்து, நெற்றித் தோலை அந்த அளவுக்கு வெட்டித் திருப்பி ஒட்டினார். 1794-ல் லண்டன் பத்திரிகையில் படத்தோடு இந்தச் செய்தி வந்தது. அதைப் பார்த்துப் பழகிய கார்ப்யூ என்ற டாக்டர் 1814-ல் அங்கே அதே முறையைச் செய்தார்.

இனி நம் வீட்டு மூக்குக்கு வருவோம். இரு நாசிக்கும் நடுவிலுள்ள சுவர் வளைந்திருந்தால், நாசி வழியாகவே உள்ளே போய், சவ்வை விலக்கி, வளைந்த குருத்தெலும்பை நிமிர்த்தியோ நீக்கியோ விடுவார்கள். வெளியே தழும்பில்லை, முகஜாடையும் மாறாது. அழகுக்கான ஆபரேஷன் வேறு. அதில் மேலெலும்பையும் குருத்தெலும்பையும் செதுக்குகிறார்கள். சுமார் ஒரு வாரம் மூக்கின்மேல் கட்டு, கண்ணடியில் கன்றிப்போகும், நுனியில் வீக்கம் முழுவதும் வடிய ஒரு வருஷம்கூட ஆகலாம். அளவுக்கு மீறிச் சிறிதாக்கினால், நன்றாக இருந்த மூச்சும் திணறும். கிளி மூக்குக்கு ஆசைப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்!

இன்னொரு சூட்சுமம்: மூக்கைத் திருத்தும்போது ஒட்டுப்போட வேண்டியிருந்தால், பெரும்பாலும் நடுச்சுவரின் குருத்தெலும்பைத்தான் எடுக்கிறார்கள். அதை ஏற்கெனவே நீக்கியிருந்தால், பிறகு காதிலோ விலாவிலோ எடுக்க நேரும். ஆகவே இரண்டும் வேண்டுமென்றால் ஒரே தடவையில் செய்வதுண்டு.

நாசிகள் மணிக்கணக்கில் மாறி மாறி அடைப்பது இயற்கை. எப்போதும் ஒரே பக்கம் அடைத்தால் டாக்டரிடம் காட்ட வேண்டும். தும்மலும் நீர்க்கோவையும் சேர்ந்திருந்தால் ஒவ்வாமையாகவும் இருக்கலாம். அதைக் கத்தி தீர்க்காது.

காது-மூக்கு-தொண்டை டாக்டர் சோதித்து, சுவர் வளைந்திருக்கிறது என்றார். ஒவ்வாமையும் இருந்ததால் முதலில் சில வாரம் மூக்கில் அடிக்கும் மருந்து, பிறகு ஆபரேஷன். "தண்டையும் சேர்த்துப் பாத்துருங்க டாக்டர்" என்று தாயார் ஆரம்பித்தாளாம்.

"வேண்டாமுங்க. அது எங்க அப்பாரு மூக்கு. மூச்சு வந்தாப் போதும்" என்றாளாம் பெண்.