பொய் சொல்லும் கார்கள்

மளிகைக் கடைக்காரர் நியாயமாக நிறுக்கிறாரா என்று பார்க்க ஓர் அதிகாரி வருகிறார். வந்தவர் எடைக் கற்களைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. "உமது தராசு சரியாக இருக்கிறதா?" என்று கடைக்காரரையே கேட்கிறார். "பேஷாக இருக்கிறது" என்ற பதிலை எழுதிக்கொண்டு போய்விடுகிறார். கேட்டால் நமக்குச் சிரிப்பு வரும். ஆனால், கண்டிப்புக்குப் பெயர்போன அமெரிக்காவின் கலிபோர்னியா ராஜ்யத்தில், மோட்டார் கார்களின் புகைச் சோதனை பல வருஷங்கள் ஏறக்குறைய இப்படித்தான் நடந்து வந்தது.

அங்கே பெரும்பாலான கார்களை இரண்டு வருஷங்களுக்கு ஒருமுறை சோதனைக்குக் கொண்டுவர வேண்டும். தேறாவிட்டால் பதிவைப் புதுப்பிக்க முடியாது. 2000-ம் வருஷத்திலும் அதற்குப் பிறகும் வந்த பெட்ரோல் கார்களின் புகைக் குழாயில் இப்போது யாரும் கருவியை நுழைப்பதில்லை. எஞ்சின் பகுதியைக் கண்ணால் பார்த்துவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள ஒரு துவாரத்தில் கம்பியை மாட்டி, காரின் கம்ப்யூட்டரையே விசாரிக்கிறார்கள். "கோளாறு ஏதும் இல்லை" என்று அது சொன்னால் தேர்ச்சிதான்!

இந்த ஏற்பாட்டை முட்டாள்தனம் என்று தள்ளிவிடவும் முடியாது. குழாயில் கருவியை வைத்துப் பார்ப்பது சில நிமிஷச் சோதனை. கம்ப்யூட்டரோ கார் ஓடும்போதெல்லாம் கண்காணிக்கிறது. 1996 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் கார்கள் அனைத்திலும் இந்தக் காவலாளி உண்டு. கேள்வி ஒன்றே ஒன்றுதான்: காவலாளியையே கலைத்துவிட்டால் என்ன செய்வது?

வேகத்தின் விலை

ஓர் இளைஞர் ஆசையோடு ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறார். கம்பெனி கொடுத்த வேகம் அவருக்குப் போதவில்லை. அந்தக் காலமாக இருந்தால் மெக்கானிக் கார்புரேட்டரைக் கழற்றிக் கையெல்லாம் எண்ணெயாக வேலை செய்வார். இன்று ஒரு லாப்டாப் போதும். எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் விடுவது, எந்தக் கணத்தில் தீப்பொறி போடுவது, டர்போ எவ்வளவு காற்றைத் திணிப்பது என்பதையெல்லாம் கம்ப்யூட்டர் ஓர் அட்டவணையைப் பார்த்தே முடிவு செய்கிறது. பழைய அட்டவணையை அழித்துப் புதியதை எழுதினால் அதே எஞ்சின் சிங்கம்போல உறுமுகிறது.

இதில் வம்பு எங்கே வருகிறது? ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் சுமார் 14.7 பங்கு காற்று என்ற கணக்கில் எரிந்தால்தான், புகைக் குழாயில் உள்ள சுத்திகரிப்புக் கருவி நச்சு வாயுக்களை நன்றாக மாற்றும். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலை உயர்ந்த உலோகங்கள் பூசிய கருவி அது. கார்பன் மோனாக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள் மூன்றையும் அது அடக்குகிறது. வேகப் பித்தர்கள் சிலர், புகை தடையின்றிப் போகட்டும் என்று அந்தக் கருவியையே கழற்றி எறிகிறார்கள். உடனே எச்சரிக்கை விளக்கு எரிகிறது. அதையும் கம்ப்யூட்டரில் எழுதி அணைத்துவிடுகிறார்கள். வேகத்தைக் கூட்டுவது ஒரு காரியம். காவலாளியின் வாயை அடைப்பது வேறு காரியம். சட்டம் சீறுவது இரண்டாவதைக் கண்டுதான்.

பெரிய திருடரும் சின்னத் திருடரும்

கலிபோர்னியாவுக்கு ஏன் இத்தனை கண்டிப்பு? 1943-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைக் கண் எரியும் புகைமூட்டம் சூழ்ந்தது. எங்கிருந்து வருகிறது என்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை. கார்களும் எண்ணெய் ஆலைகளும் விடும் வாயுக்கள் வெயிலில் வினைபுரிவதே காரணம் என்று 1950-களின் தொடக்கத்தில் ஹாகன்-ஸ்மிட் என்ற விஞ்ஞானி எடுத்துக் காட்டினார். சட்டங்கள் பின்னர் ஒவ்வொன்றாக வந்தன.

சட்டம் வந்தால் அதை ஏய்க்கும் வழியும் வரும் அல்லவா? 2015 செப்டம்பரில் ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் கம்பெனி பிடிபட்டது. சோதனை நடக்கிறது என்பதை ஸ்டியரிங் அசைவு முதலிய குறிகளால் அதன் டீசல் கார்கள் தாமே கண்டுகொள்ளும். அப்போது மட்டும் உத்தமராக நடக்கும். சாலைக்கு வந்ததும் நைட்ரஜன் ஆக்சைடுகளை வரம்புக்கு 40 மடங்கு வரை கக்கும். உலகம் முழுவதும் சுமார் 1 கோடியே 10 லட்சம் கார்களில் இந்தப் புரட்டு மென்பொருள் இருந்தது. வேலியே பயிரை மேய்ந்த கதை!

தனி மனிதர்களும் சளைத்தவர்கள் அல்ல. 5 லட்சத்து 50 ஆயிரத்துக்கும் அதிகமான டீசல் பிக்-அப் வண்டிகளில் புகைக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டார்கள் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு இலாகா 2020-ல் மதிப்பிட்டது. "நான் ஒருவன் செய்தால் என்ன ஆகிவிடும்?" என்று கேட்டவர்களின் கூட்டுத்தொகை இது.

முத்திரை வந்தது

2021 ஜூலை 19 முதல் கலிபோர்னியா விழித்துக்கொண்டது. "கோளாறு உண்டா?" என்று கேட்பதோடு, கம்ப்யூட்டருக்குள் இருப்பது கம்பெனி எழுதிய அட்டவணைதானா என்றும் பார்க்கிறார்கள். ஒவ்வொரு மென்பொருளுக்கும் கணக்குப் போட்டு வரும் அடையாள எண் ஒன்று உண்டு. ஓர் எழுத்தை மாற்றினாலும் அந்த எண் மாறிவிடும். எடைக் கல்லில் சர்க்கார் முத்திரை பார்ப்பதுபோல்தான். முத்திரை பொருந்தாவிட்டால் தேர்ச்சி இல்லை. வேகம் கூட்டும் மாற்றங்களுக்கும் வழி அடைபடவில்லை. புகையைக் கூட்டவில்லை என்று நிரூபித்து ராஜ்யத்தின் காற்று வாரியத்திடம் அனுமதி எண் பெற்ற மென்பொருளுக்குத் தடை இல்லை.

சோதனைக்கு முன்னால் பழைய அட்டவணையை ஏற்றி, தேறிய பின் மறுபடி மாற்றிக்கொள்வோரை இந்த முத்திரையாலும் தடுக்க முடியாது. ஒன்று மட்டும் உண்டு: அழித்து எழுதியதும் கம்ப்யூட்டரின் பழைய நினைவுகள் போய்விடும். மறுபடி பல விதமாக ஓட்டி அதன் சுயசோதனைகள் முடிந்தால்தான் தேர்வுக்குத் தகுதி. சோம்பேறிகள் இதில் அகப்படுவார்கள்; சாமர்த்தியசாலிகள் தப்புவார்கள்.

யாருடைய கார்? யாருடைய காற்று?

"விலை கொடுத்து வாங்கிய காரின் கம்ப்யூட்டரை நான் தொடக் கூடாதா?" என்று கேட்பவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. 2015 ஜூலையில், சொந்தக்காரர்களுக்கு அந்த உரிமையைத் தரக் கூடாது என்று ஆட்சேபித்ததே மேற்சொன்ன சுற்றுச்சூழல் இலாகாதான். மக்கள் புகைக் கட்டுப்பாட்டைக் கெடுத்துவிடுவார்கள் என்றது. இரண்டே மாதத்தில் வோக்ஸ்வாகன் புரட்டு வெளியாயிற்று! பூட்டிய பெட்டிக்குள் ஒளிந்திருந்தது கம்பெனியின் பொய். அதைக் காட்டிக் கொடுத்ததும் கம்ப்யூட்டர் அல்ல. மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் கருவியைக் காரிலேயே ஏற்றிச் சாலையில் ஓட்டி அளந்த அளவுதான். அதே 2015 அக்டோபரில், சட்டத்துக்கு உட்பட்டுப் பழுது பார்க்கவும் மாற்றவும் சொந்தக்காரர்களுக்கு உரிமை கிடைத்தது.

ஆகவே, பெட்டியைப் பூட்டுவது பரிகாரம் ஆகாது. பெட்டி திறந்தே இருக்கட்டும், முத்திரையும் இருக்கட்டும். அவ்வப்போது சாலையில் ஓடும் காரின் புகையை நேராக அளக்கவும் வேண்டும். கம்பெனிக்கும் தனி மனிதருக்கும் அதே ஒரு தராசு.

கார் ஒருவருடைய சொத்து. அதன் பின்னால் வரும் புகையை மூக்கால் இழுப்பவர்கள் தெருவில் போகும் குழந்தைகள். அவர்களிடம் எந்த மென்பொருளும் இல்லை. இரண்டு நுரையீரல்கள்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பொய் சொல்லத் தெரியாது.