எத்தனை குதிரை சக்தி வேண்டும்?

"55 குதிரை சக்தி வண்டியாகவே வாங்கிவிடுவோம். மேலத்தெருக்காரர் 45 தானே வைத்திருக்கிறார்!"

இப்படிச் சொல்கிறார் கணவர்.

"அது கிடக்கட்டுங்க. நம்ம நாலு ஏக்கருக்கு எத்தனை வேணும்? அதைச் சொல்லுங்க முதல்ல" என்கிறார் மனைவி.

கணவரிடம் பதில் இல்லை!

தஞ்சை வட்டாரத்தில் குறுவை அறுப்பு முடிந்து, கையில் நாலு காசு புரளும்போது, பல வீடுகளில் நடக்கும் பேச்சு இது. டிராக்டர் கடனுக்கு ஈடாகப் போவது நிலம். முன்பணத்துக்காக அடகுக் கடைக்குப் போவது மனைவியின் நகை. ஆகவே அந்த அம்மாள் கேட்டதுதான் சரியான கேள்வி.

வண்டியின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்து டிராக்டர் வாங்கக்கூடாது. அது இழுக்கப்போகும் பாரத்தைப் பார்த்து வாங்கவேண்டும். அது இறங்கப்போகும் சேற்றைப் பார்த்து வாங்கவேண்டும். இதுவே என் கருத்து.

குதிரை எங்கிருந்து வந்தது?

எஞ்சினுக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம்?

இங்கிலாந்தில் ஜேம்ஸ் வாட் என்பவர் நீராவி எந்திரம் செய்து விற்றார். இது 18-ம் நூற்றாண்டில். "இது எத்தனை குதிரை செய்யும் வேலையைச் செய்யும்?" என்று வாங்க வந்தவர்கள் கேட்டார்கள். அதற்காக அவர் வகுத்த கணக்குதான் குதிரை சக்தி.

இன்றைய மெட்ரிக் கணக்குப்படி, 75 கிலோ எடையை ஒரு வினாடியில் ஒரு மீட்டர் உயரம் தூக்கினால் அது ஒரு குதிரை சக்தி. நம் ஊர் உழவு மாடு ஒரு ஜோடி, ஏறக்குறைய ஒரு குதிரை சக்தி கொடுக்கும்.

அப்படியானால் 50 குதிரை சக்தி டிராக்டர் வாங்கினால், 50 ஜோடி மாடு வாங்கியதுபோல் ஆகுமா?

ஆகாது!

பாதி எங்கே போகிறது?

50 என்பது எஞ்சினில் பிறக்கும் சக்தி. அது கியர்ப் பெட்டியைக் கடந்து, சக்கரத்துக்கு வந்து, மண்ணைப் பிடித்து இழுக்கவேண்டும். வழியெல்லாம் தேய்மானம். கெட்டித் தரையில் சேதம் குறைவு. இளகிய மண்ணில் சக்கரம் வழுக்குகிறது. அங்கே ஏறக்குறைய பாதி சக்திதான் இழுக்கும் வேலைக்குக் கிடைக்கும்.

அதாவது, 50 குதிரை வண்டி, இளகிய வயலில் சுமார் 25 குதிரை வண்டி!

ஒரு கணக்குப் போடுவோம்

நேரடி நெல் கொள்முதல் நிலையத்துக்கு நெல் கொண்டுபோகிறோம். மூட்டை 40 கிலோ. 100 மூட்டை ஏற்றினால் 4 டன். டிரெய்லரின் எடை ஒன்றரை டன் என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் 2 டன். ஆக மொத்தம் ஏழரை டன்.

சமதளமான தார்ச்சாலையில் இது பெரிய பாரம் அல்ல. வயலிலிருந்து வாய்க்கால் கரைக்கு ஏறும் இடத்தில்தான் சோதனை. 10 அடிக்கு ஓர் அடி உயரும் ஏற்றம் என்று வையுங்கள். மேலே ஏற்றுவதற்கு மட்டும் 750 கிலோ இழுவை வேண்டும். மண் பிடித்து இழுப்பதைச் சமாளிக்க இன்னொரு 375 கிலோ என்று சேருங்கள். மொத்தம் 1,125 கிலோ.

வினாடிக்கு ஒரு மீட்டர், அதாவது ஆள் மெதுவாக நடக்கும் வேகத்தில் ஏறினால் எவ்வளவு சக்தி வேண்டும்? 1,125-ஐ 75-ஆல் வகுத்தால் 15 குதிரை சக்தி. வழியில் பாதி வீணானாலும் எஞ்சினில் 30 இருந்தால் போதும்.

அதே ஏற்றத்தை இரண்டு மடங்கு வேகத்தில் ஏற நினைத்தால், 60 வேண்டும்!

பார்த்தீர்களா? 30-ஐ 60 ஆக்கியது பாரம் அல்ல. அவசரம்! முதல் கியரில் பொறுமையாக ஏறுகிறவருக்கு 40, 45 குதிரை வண்டியே தாராளம்.

"ஆனால் என் வண்டி ஏறமாட்டேன் என்கிறதே!" என்று சிலர் சொல்வார்கள். அங்கே பெரும்பாலும் தோற்பது எஞ்சின் அல்ல, சக்கரம். பிடிமானம் இல்லாமல் பின்சக்கரம் சுழல்கிறது. சில நேரம் முன்சக்கரம் தரையைவிட்டு எழும்பிவிடுகிறது. டிரெய்லரைக் கீழே உள்ள இழுவைக் கொக்கியில் மாட்டாமல் உயரமான இடத்தில் மாட்டினால், டிராக்டர் பின்புறமாகக் கவிழ்ந்து ஓட்டுநரின் உயிரையே குடித்துவிடும். இதற்கு மருந்து பெரிய எஞ்சின் அல்ல. 100 மூட்டையை ஐம்பது ஐம்பதாக இரண்டு நடையில் கொண்டுபோவதுதான் மருந்து.

டீசலின் குணம்

ருடால்ப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897-ல் தம் எஞ்சினை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். காற்றை அழுத்தினால் சூடேறும். அந்தச் சூட்டில் எண்ணெயைப் பீய்ச்சினால், தானே பற்றிக்கொள்ளும். டீசல் எஞ்சினின் ரகசியம் அவ்வளவுதான்.

இதன் நல்ல குணம், குறைந்த வேகத்திலேயே நல்ல இழுவை கொடுப்பது. இதை முறுக்கு விசை என்பார்கள். இறுகிய நட்டைக் கழற்ற நீளமான ஸ்பேனரைப் போட்டுத் திருகுகிறோம் அல்லவா? அந்தத் திருகும் பலம்தான் முறுக்கு விசை.

ஆகவே கடைக்காரரிடம் குதிரை சக்தியை மட்டும் கேட்காதீர்கள். "முறுக்கு விசை எவ்வளவு? எஞ்சின் எத்தனை சுற்றுச் சுற்றும்போது அது கிடைக்கும்?" என்றும் கேளுங்கள். குறைந்த சுற்றில் நிறைந்த முறுக்கு விசை தரும் எஞ்சினே பாரம் இழுக்க ஏற்றது.

இன்னொரு விஷயம். 2023 ஜனவரி முதல், 50 குதிரை சக்திக்கு மேற்பட்ட டிராக்டர்களுக்குப் புகைக் கட்டுப்பாடு கடுமையாகிவிட்டது. காற்றுக்கு அது நல்லதே. ஆனால் அதற்காக வந்த மின்னணு எஞ்சின்களால் விலை ஏறிவிட்டது. ஊர் மெக்கானிக் சுத்தியலும் ஸ்பேனரும் கொண்டு அதைச் சரிசெய்ய முடியாது. அந்த எல்லையைத் தாண்டுமுன் இருமுறை யோசிக்கவேண்டும்.

சேறு பெரியவரை மதிக்காது

காவிரிப் படுகையின் களிமண் நிலத்தில் நடவுக்கு முன் சேற்றுழவு உண்டு. அங்கே கனமான வண்டி உளையில் இறங்கினால் அச்சு வரை புதைந்துவிடும். பிறகு அதை இழுக்க இன்னொரு டிராக்டர் வரவேண்டும்! பெரிய எஞ்சின் என்றால் பெரும்பாலும் பெரிய எடை. நம் சேற்றுக்கு, எடை குறைந்து இழுவை நிறைந்த வண்டியும் கேஜ் வீலுமே பொருத்தம். ரோட்டவேட்டரின் அகலமும் எஞ்சினின் சக்திக்கு ஏற்றதாக இருக்கவேண்டும்.

ஒரு விவசாயியின் கோபம்

அமெரிக்காவில் நெப்ராஸ்கா என்று ஒரு மாநிலம். அங்கே வில்மாட் குரோசியர் என்ற விவசாயி டிராக்டர் வாங்கினார். பெயர் பெரிய பெயர். வண்டியோ உதவாக்கரை! வீட்டில் உட்கார்ந்து அழவில்லை அவர். சட்டசபை உறுப்பினராகி ஒரு மசோதா கொண்டுவந்தார். "பரிசோதனை செய்யாத டிராக்டரை இங்கே விற்கக்கூடாது" என்று 1919-ல் சட்டம் வந்தது. மறு ஆண்டு முதல் நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தில் பரிசோதனை நடந்தது. கம்பெனி சொல்வது உண்மையா என்று உலகத்துக்கே தெரிந்தது.

நம் நாட்டிலும் அப்படி ஓர் இடம் உண்டு. மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரில், 1955-ல் தொடங்கிய மத்திய அரசின் பண்ணை இயந்திர நிலையம் அது. டிராக்டரின் உண்மையான சக்தி, இழுவை, டீசல் செலவு, பிரேக் எல்லாவற்றையும் அங்கே அளந்து அறிக்கை தருகிறார்கள்.

நம் ஊரில் எத்தனை பேர் அந்த அறிக்கையைக் கேட்டு வாங்குகிறார்கள்? அந்த அறிக்கையின் சாரத்தை எளிய தமிழில் அச்சிட்டு, டிராக்டர் கடைதோறும் தொங்கவிடவேண்டும். சினிமா நடிகர் படம் மாட்டும் சுவரில் இதற்கும் ஓர் இடம் இருக்கட்டும்!

இழுத்தால் போதுமா?

நிறுத்தவேண்டாமா?

பிரேக் இல்லாத டிரெய்லர்கள் எத்தனையோ ஓடுகின்றன. டிராக்டரை நிறுத்தினாலும், பின்னால் வரும் ஐந்தரை டன் முட்டித் தள்ளும். வேகம் இரண்டு மடங்கானால், முட்டும் பலம் நான்கு மடங்கு! இழுக்கும் சக்திக்குச் செலவிடும் பணத்தில் ஒரு பங்கை டிரெய்லரின் பிரேக்குக்குச் செலவிடுங்கள்.

நடவுக்குப் போகும் பெண்களையும், திருவிழாவுக்குப் போகும் குழந்தைகளையும் டிரெய்லரில் ஏற்றாதீர்கள். அது சரக்கு வண்டி. நெல் மூட்டை விழுந்தால் அள்ளிக்கொள்ளலாம். மனிதர் விழுந்தால்?

வாங்கத்தான் வேண்டுமா?

2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை. இவ்வளவு நிலத்துக்குச் சொந்த டிராக்டர் வருஷத்தில் சில நாட்களே உழைக்கும். மீதி நாளெல்லாம் கொட்டகையில் நிற்கும். வட்டி மட்டும் நிற்காது!

வேளாண் பொறியியல் துறை டிராக்டரை வாடகைக்கு விடுகிறது. அல்லது நான்கைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கலாம். வாடகை உழவு நிச்சயமாகக் கிடைக்கும் என்றால், தனியாக வாங்குங்கள். அப்போதும் கணக்குப் போட்டு வாங்குங்கள்.

அந்த நாலு ஏக்கர் வீட்டுக்கு என் பதில் இதுதான்: உங்கள் நிலத்துக்கு மட்டும் என்றால் வாடகை வண்டி போதும். ஊருக்கும் உழுது, நெல்லும் ஏற்றுவதாக இருந்தால் 45 போதும். மேலத்தெருக்காரரை முந்துவதற்கு என்றால், எத்தனை குதிரை வாங்கினாலும் போதாது!

கையெழுத்துப் போடுமுன், வீட்டு அம்மாளிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நகை அவருடையது அல்லவா?